டிராக்டர் ஆணியில் மூன்று சிவப்பு வளையங்கள்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. நலம் என்று எழுதும் நிலையில் நீயும் இருக்க மாட்டாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மண் தோண்டும் பெரிய வண்டி காலையில் ஒழுங்காக வேலை செய்கிறது. பதினொரு மணி தாண்டியதும் கையைத் தூக்கவே யோசிக்கிறது. மத்தியானம் பக்கெட்டை மேலே நிறுத்தி வைத்தால், யாரும் தொடாமலே மெதுவாகக் கீழே இறங்குகிறது. புது ஆபரேட்டர் ஒருவன் இருக்கிறான். எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோரும் அவனைக் கூலிங்கிளாஸ் என்றுதான் கூப்பிடுகிறோம். "மத்தியானம் ஆனா அது ஒரு தூக்கம் போடப் பாக்குதுக்கா" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மெக்கானிக்குகள் வந்து பார்த்தார்கள். ஒருவர் பம்ப் போய்விட்டது என்கிறார், இன்னொருவர் ரப்பர் சீல் எல்லாம் போய்விட்டது என்கிறார். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று தெரியாமல் நிற்கிறேன்.

போன் பண்ணலாமே என்று நினைப்பாய். உன் அத்தானின் கட்டிலை இப்போது பட்டறைக் கதவை ஒட்டித்தான் போட்டிருக்கிறோம். அங்கே படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். உன் பேச்சு வந்தாலே, இல்லாத காலைத் தடவிப் பார்க்கிறார். அதனால் பதிலைக் கூலிங்கிளாஸ் வீட்டு விலாசத்துக்குப் போடு.

எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும், எப்படி ஊற்ற வேண்டும், அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா

---

பிப்ரவரி 20

அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தப்பான எண்ணெயை ஊற்றி அத்தானின் காலை எடுத்தவன் என்று உலகத்துக்கே சொல்லி அனுப்பிய ஒருவனிடம், எந்த எண்ணெய் ஊற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தைரியத்தைப் பாராட்டுகிறேன்.

கேட்டதற்கு வருகிறேன். பார்க்காமல் சொல்ல நான் ஜோசியக்காரன் இல்லை. வண்டி சூடாக இருக்கும்போது எண்ணெயில் கொஞ்சம் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நுரை நின்றால் எங்கோ காற்று இழுக்கிறது. மோந்தும் பாருங்கள், கருகிய வாடை அடிக்கிறதா என்று. பம்ப் கத்துகிறதா, கத்தினால் எப்போது? கடைசியாக எண்ணெய் மாற்றியது யார்? டின்னில் பெயருக்குக் கீழே தனியாக ஓர் எண் இருக்கும். அது என்ன என்று பார்த்து எழுதுங்கள். கடைக்காரர் சொன்னதை எழுத வேண்டாம், டின்னில் இருப்பதை எழுதுங்கள்.

பதில் வரும் வரை பம்பைக் கழற்ற யாரையும் விடாதீர்கள். நல்ல பம்பைக் கழற்றிக் கெட்ட பம்பாக மாட்டுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

வேறு எதுவும் எழுதவில்லை.

தம்பி

---

மார்ச் 2

தம்பிக்கு,

என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு ஜுரம் வந்தால் என் மடியில்தான் படுப்பாய். அப்போது எனக்கே பதினொரு வயசு. சரி, எழுதிக்கொள்.

டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். பால் நிறம் இல்லை, நுரையும் இல்லை. ஆனால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. லேசாகக் கருகல் வாடை அடிக்கிறது. பம்ப் காலையில் சத்தமே போடுவதில்லை, மத்தியானம் முனகுகிறது. எண்ணெய் மாற்றி நாலு மாதம் ஆகிறது. மாற்றியது நான்தான். இப்போது எல்லாம் நான்தான். பட்டறையே என் பெயரில் இருக்கிறது. டின்னில் 32 என்று போட்டிருக்கிறது. நாம் வழக்கமாக வாங்கும் சிவப்பு மூடி டின் இல்லை என்று கடைக்காரர் இதைக் கொடுத்தார். உன் அத்தானைக் கேட்டேன். "எண்ணெய்னா எண்ணெய்தான். நம்பர் பாத்து ஊத்துறதுக்கு இது என்ன மூக்குக் கண்ணாடியா?" என்றார்.

எண்ணெய் அறை நீ விட்டுப் போன மாதிரியே இருக்கிறது. சுவரில் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் ஆணி. டின் உடைத்ததும் மூடியின் பிளாஸ்டிக் வளையத்தை எந்த வண்டிக்கு ஊற்றினோமோ அந்த ஆணியில் மாட்டும் பழக்கத்தை இன்றும் விடவில்லை. பெரிய வண்டிக்குச் சிவப்பு, டிராக்டருக்கு மஞ்சள். டிராக்டர் ஆணி மட்டும் வெறுமையாக இருக்கிறது. விபத்துக்குப் பிறகு அந்த டிராக்டரை யாரும் எடுக்கவில்லை.

சீக்கிரம் எழுது. வண்டி பாதி நாள்தான் ஓடுகிறது.

அக்கா

---

மார்ச் 12

அக்காவுக்கு,

பம்பும் போகவில்லை, சீலும் போகவில்லை. குறை எண்ணெயில் இருக்கிறது.

அந்த எண், எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது. 32 குளிர் பிரதேசத்து எண்ணெய். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது சரியாகத்தான் தோன்றும். வெயில் ஏறி வண்டியும் சூடானதும் தண்ணீராகிவிடும். பம்ப் தள்ளத் தள்ள, சந்துபொந்துகளில் பின்பக்கமாகவே வழிந்து வந்துவிடும். கை எப்படித் தூக்கும்? உன் வெயிலுக்கு 68 வேண்டும். நம்பாவிட்டால் ஆபரேட்டர் கதவின் உள்பக்கத்துத் தகட்டைத் துடைத்துப் படி. வண்டியைச் செய்தவனே எழுதி வைத்திருக்கிறான். அந்தத் தகட்டின் மேல்தான் கூலிங்கிளாஸ் சட்டையை மாட்டியிருப்பான்.

இருக்கும் எண்ணெய் மேலேயே புதுசை ஊற்றாதே. வண்டி வெதுவெதுப்பாக இருக்கும்போது முழுவதையும் இறக்கு. பக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு இறக்கு, மேலே நிற்கும்போது வேண்டாம். பில்டரை மாற்று. தொட்டியைத் துடைக்கப் பஞ்சு வேண்டாம், நூல் உதிரும். பழைய பருத்தி வேட்டி இருந்தால் கிழித்துக்கொள். ஊற்றிய பிறகு அரை மணி நேரம் பளு இல்லாமல் மெதுவாக ஆட்டச் சொல், உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும்.

இனி என் விஷயம். எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன்.

நான் இங்கே மெக்கானிக் இல்லை. பதினாறு வருஷம் ஸ்பேனர் பிடித்த கை, இரண்டு வருஷமாக அடுத்தவன் கழற்றிப் போடும் பில்டரைக் கழுவுகிறது. நம் டிராக்டர் கதை எனக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டது. மெக்கானிக் இடம் ஒன்று காலியாகிறது. ஃபோர்மேன் நல்ல மனுஷன். "பழைய பட்டறைல இருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வா. அந்த எண்ணெய ஊத்துனது நீ இல்லன்னு ஓனர் கையெழுத்துப் போட்டா போதும், நான் பாத்துக்கறேன்" என்றார். ஏப்ரல் முதல் தேதி வரை இடத்தை வைத்திருப்பார்.

ஓனர் இப்போது நீதான். ஒரு வரி போதும்.

தம்பி

---

மார்ச் 22

தம்பிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். வண்டி மத்தியானத்திலும் முறுக்காக நிற்கிறது. பக்கெட்டைத் தூக்கி வைத்துவிட்டு நான் சாப்பிட்டு வந்தேன், வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. கூலிங்கிளாஸ் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றி அதைப் பார்த்தான். கதவுத் தகட்டின் மேல் சட்டை இல்லை, காலண்டர் தொங்கியது.

நீ கேட்ட கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். பட்டறை முத்திரையும் போட்டிருக்கிறேன். பதினாறு வருஷம் வேலை பார்த்தாய், உழைப்பாளி, எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். நீ கேட்ட அந்த வரியை எழுத முடியவில்லை. முத்திரை உன் அத்தானின் தலைமாட்டில் இருக்கிறது. அவர் படித்துப் பார்க்காமல் தர மாட்டார். அந்த வரியைப் பார்த்தால் அடுத்து என்ன கேட்பார் என்று உனக்குத் தெரியும். அவரோடு இந்தக் கூரைக்குக் கீழே இருக்க வேண்டியவள் நான்.

கோபித்துக்கொள்ளாதே. என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

அக்கா

---

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஃபோர்மேன் இரண்டு தடவை படித்தார். "என்னப்பா, எங்கயாவது பொண்ணு கேக்கப் போறியா?" என்றார். பிறகு அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும், எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். நல்ல பையன்தான். அவன் கழற்றும் பில்டரையும் நானே கழுவுகிறேன்.

பெரிய வண்டிக்கு வைத்தியம் சொன்னேன், அதற்குக் கூலியாக டிராக்டரைப் பற்றியும் கொஞ்சம் கேள். அதில் கியர், பின்னால் தூக்கும் கை, பிரேக், மூன்றுக்கும் ஒரே எண்ணெய். பிரேக் தட்டுகள் அந்த எண்ணெயில் முழுகியே இருக்கும். முழுகியிருந்தும் பிடிக்க வேண்டும் என்றால் அதற்கென்று செய்த எண்ணெய் வேண்டும். அதுதான் மஞ்சள் மூடி. பெரிய வண்டியின் சிவப்பு மூடி எண்ணெய் தூக்குவதற்கு மட்டும் ஆனது. அதை ஊற்றினாலும் டிராக்டர் கிளம்பும், கியர் விழும், எல்லாம் நடக்கும். பிரேக் மட்டும் அழும். ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் கீச்சென்று கத்தும். பளுவோடு ஓர் இறக்கம் வரும் வரை கத்திக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் பிடிக்காது.

இதை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? அந்த எண்ணெய் அறையிலேயே, கையைக் கழுவிக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

நான் தொலைவில் இன்னொரு வேலையிடத்தில் இருந்த நாட்களில் அந்த டிராக்டர் கத்தியதா, அக்கா? ஓட்டிய அத்தானுக்கு ஒரு காது மந்தம். முற்றத்தில் நின்ற உனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.

தம்பி

---

ஏப்ரல் 13

தம்பிக்கு,

கத்தியது. ஒன்பது நாள் கத்தியது.

இதை எழுத மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. இதையும் கிழிப்பதற்குள் கூலிங்கிளாஸிடம் கொடுத்துவிட வேண்டும்.

நீ டிராக்டர் எண்ணெயை இறக்கி உள்ளே ஒரு ரப்பர் சீலை மாற்றினாய். மஞ்சள் டின் தீர்ந்திருந்தது. அதற்குள் அந்த வேலையிடத்தில் வண்டியின் குழாய் வெடித்ததென்று உன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். "மஞ்சள் டின் வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுக்கா" என்று சொல்லி ஸ்டீரிங்கில் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போனாய். சாயங்காலம் உன் அத்தான் வந்தார். "நாளைக்குக் கல்லு ஏத்தணும். உன் தம்பி இதையும் அரைகுறையா விட்டுட்டுப் போயிருந்தான்னா, இந்தத் தடவை வீட்டோட அனுப்பிடுவேன்" என்றார். எப்போதும் சொல்வதுதான். ஆனால் அன்று சொன்ன விதம் வேறு மாதிரி இருந்தது.

உன்னைக் காப்பாற்றத்தான் ஊற்றினேன். நீ இதை நம்பித்தான் ஆக வேண்டும். துணியை அவிழ்த்தேன். சிவப்பு டின் மூன்று உடைத்து ஊற்றினேன். மஞ்சள் வந்ததும் நீ மாற்றிக்கொள்வாய், ஒரு நாளுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். கை பழக்கத்தில் மூன்று வளையத்தையும் டிராக்டர் ஆணியில் மாட்டினேன். காலையில் அவர் "ரெடியா?" என்றார். "தம்பி முடிச்சிட்டுத்தான் போனான்" என்றேன்.

மறுநாளே கத்த ஆரம்பித்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார். இன்றைக்கு மஞ்சள் டின் வந்துவிடும், இன்றைக்கு நீ வந்துவிடுவாய் என்று ஒன்பது நாளை ஓட்டினேன். பத்தாம் நாள் கல் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இறங்கினார். பிரேக் பிடிக்கவில்லை என்று குதித்தவரின் கால் மேல் டிரெய்லர் சக்கரம் ஏறியது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "உன் தம்பி என் காலை எடுத்துட்டான்." அப்போது சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் வந்துவிட்டார். சாயங்காலம் சொல்லலாம் என்றிருந்தேன், வலியில் துடித்தார். ஒரு நாள் சொல்லாமல் விட்டதை மறுநாள் சொல்ல இரண்டு பங்கு தைரியம் வேண்டும். எனக்கு ஒரு பங்கே கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றைத்தான் இரண்டு வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. வாசலில் உன் டூல்ஸ் பெட்டியை நான் நீட்டியபோது நான் ஊற்றவில்லை என்று நீ ஏன் சொல்லவில்லை? அந்த மூன்று வளையமும் விபத்துக்கு மறுநாளே காணாமல் போயின. யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

நீ கேட்ட வரியை எழுதி, கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். முத்திரை இல்லை.

அக்கா

---

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

வளையத்தை நான்தான் எடுத்தேன். மூன்றையும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்.

டின் உடைத்தால் நான் வளையத்தைக் கட்டிங் பிளேயரால் வெட்டுவேன். வெட்டு நேராக இருக்கும். நீ அவசரக்காரி, கையாலேயே முறுக்கிப் பிய்ப்பாய். ஒரு பக்கம் வால் மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும். விபத்துக்கு மறுநாள் நான் வந்து இறங்கி, ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகாமல் எண்ணெய் அறைக்குத்தான் போனேன். மூன்றிலும் வால் இருந்தது. பிறகு ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தாய், அது விலகிய இடத்தில் ஆறின பாதி ஆறாத பாதியாக ஒரு கீறல். அப்புறம் எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேறு யாராவது பார்த்துப் புரிந்துகொண்டால் உன் பாடு என்ன ஆகும் என்றுதான் வளையத்தைச் சட்டைப் பையில் போட்டேன். நீயே சொல்லுவாய் என்று காத்திருந்தேன். ஒரு வாரம் காத்திருந்தேன். வாசலில் நீ பெட்டியை நீட்டியபோதுகூட, இப்போது சொல்லிவிடுவாள் என்று உன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். "போயிடு, இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றாய். அத்தான் இல்லாத இடத்தில், நாம் இருவர் மட்டும் நிற்கும்போதும் அதைத்தான் சொன்னாய். யாருக்காக நடித்தாய்?

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டையும் நான் சுமந்தேன் என்று சொல்ல மாட்டேன். பாவத்தை நீ சுமந்திருக்கிறாய், தெரிகிறது. ஆனால் பழிதான் ஒருவனை வேலைக்குச் சேர விடாமல் செய்கிறது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் சதை ஆடியது. உன்னுடையது ஒன்பது நாளும் ஆடவில்லை, இரண்டு வருஷமும் ஆடவில்லை.

உன் வரியை ஃபோர்மேனிடம் காட்டவில்லை. இடம் போய்விட்டது. அதோடு, அதை அவரிடம் காட்டி என்ன ஆகப் போகிறது? படிக்க வேண்டியவர் உன் வீட்டில் கதவோரம் படுத்திருக்கிறார்.

வளையத்தை நீ எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொள்.

தம்பி

---

மே 6

தம்பிக்கு,

டிராக்டர் ஆணியிலேயே மாட்டினேன். உறையில் மூன்றையும் தொட்டதுமே விரல் நினைவு வைத்திருந்தது.

எண்ணெய் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலிலிருந்து பார்த்தால் ஆணி தெரியும். "அது என்ன சிவப்பு, டிராக்டர் ஆணியில?" என்றார். சொன்னேன். துணியை அவிழ்த்ததிலிருந்து ஒன்பது நாள் சத்தம் வரை, இடையில் எதையும் விடாமல் சொன்னேன். கத்துவார், கையில் கிடைத்ததை எறிவார் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்பை முன்னாலேயே எடுத்துத் தள்ளி வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை.

ஆணியைப் பார்த்தபடியே சொன்னார், "அவனைத் திட்டிட்டு இருக்கறப்ப வலி கொஞ்சம் கம்மியா இருந்துச்சு. இப்ப அதையும் எடுத்துட்டியே. இனிமே யாரைத் திட்டறது? சோறு போடற உன்னையா?"

அன்றிலிருந்து என்னிடம் எதுவும் கேட்பதில்லை. தண்ணீர் வேண்டும் என்றாலும் கூலிங்கிளாஸைக் கூப்பிடுகிறார். கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். இப்போது அவருக்கு ஆணியும் தெரியாது, நானும் தெரிய மாட்டேன். நேற்று முத்திரையை எடுத்துக் கட்டில் விளிம்பில் வைத்தார். உனக்கு எழுதிய வரியை மறுபடி எழுதி முத்திரை போட்டு இதோடு அனுப்புகிறேன். உனக்கு உதவாது என்று தெரியும். இருந்தாலும் உன் பெட்டியில் கிடக்கட்டும்.

டிராக்டரைத் திரும்ப ஓட விட வேண்டும். பிரேக் தட்டு புதுசாக வாங்கி வைத்திருக்கிறேன். மாட்டிவிட்டால் பிறகு எவ்வளவு எண்ணெய், எப்படி ஊற்றுவது என்று எனக்குத் தெரியாது. நீ வந்து மாட்டிக் கொடுப்பாயா? அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். வந்தால் உன் வாயால் என்னைத் திட்டிவிட்டாவது போவாய். வர முடியாது என்றால் எண்ணெயைப் பற்றியாவது எழுது.

அக்கா

---

மே 17

அக்காவுக்கு,

தட்டை மாட்ட நல்ல மெக்கானிக்காகப் பார்த்துக் கூப்பிடு. பழைய எண்ணெய் இரண்டு வருஷமாக உள்ளேயே கிடக்கிறது. முழுவதையும் இறக்கு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காதே. மஞ்சள் மூடி மட்டும்தான். மூன்று டின் பிடிக்கும். மூன்றாவதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அளவுக் குச்சியின் மேல் கோட்டில் நிறுத்து. ஊற்றியதும் முற்றத்திலேயே பத்துத் தடவை பிரேக் மிதித்துப் பார்க்கச் சொல். நீ பக்கத்தில் நின்று கேள். கத்தினால் வெளியே விடாதே.

டின் உடைக்கும்போது வளையத்தை வெட்டி எடு. கட்டிங் பிளேயர் ஒன்றை ஜன்னல் விளிம்பில் விட்டு வந்தேன், இருக்கும். கையால் பிய்க்காதே. விரலைக் கிழித்துவிடும்.

வேறு எதுவும் எழுதவில்லை.

தம்பி